வம்சத்தில் ஓடும் எழுத்துகள்

யூராலஜி மருத்துவரின் அறைக்குள் நுழையும் ஐம்பது வயது கடந்த ஆண்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க குடும்பத்துல யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருக்கா?" பலர் சற்று யோசித்துவிட்டு, "தெரியலையே டாக்டர்" என்கிறார்கள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நீர் பிரியாமல் டியூப் போட்டிருந்தது நினைவில் இருக்கும். எதனால் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இடுப்பு வலி என்று படுத்த தாத்தா பிறகு எழவே இல்லை என்பது தெரியும். 'வயசாயிடுச்சு, வேற என்ன' என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். வெளியே சொல்லக் கூச்சப்படும் இடத்தில் வரும் நோய். அதனால் மருத்துவர் கேட்கும் கேள்விக்கான விடை, குடும்பத்துக்குள்ளேயே தொலைந்துபோகிறது.

ஆனால் அந்த விடைக்கு மதிப்பு அதிகம். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பெற்றோர்வழி வரும் மரபின் கை மிக ஓங்கியிருப்பவற்றுள் புராஸ்டேட் புற்றுநோயும் ஒன்று. அந்த மரபு எந்த உருவில் வருகிறது, எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேடி விஞ்ஞானிகள் நடந்த பாதை, கடந்த நாற்பது ஆண்டு உயிரியலின் அழகான பயணங்களில் ஒன்று.

முதலில் அந்த உறுப்பைப் பார்த்துவிடலாம். புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமர்ந்திருக்கிறது. இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவுதான். விந்துவோடு கலக்கும் நீர்மத்தைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது பெரிதாகும். உள்ளே ஓடும் குழாயை நெரிக்கும். இரவில் நாலைந்து முறை எழுந்து போகும் முதியவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்தச் சாதாரண வீக்கம்தான், புற்றுநோய் அன்று. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். 2022இல் மட்டும் உலகெங்கும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள்.

தாத்தா, அப்பா, அப்பாவின் அண்ணன் தம்பிகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். புராஸ்டேட்டை அகற்றும்போது பக்கத்தில் ஓடும் நரம்புகளைக் காப்பாற்றும் முறையை உருவாக்கிப் புகழ்பெற்றவர். 1980களில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா, அப்பாவோடு பிறந்த ஆண்கள், தாத்தா என எல்லோரையும் இதே நோய் கொண்டுபோயிருந்தது. இவருக்கோ இன்னும் முதுமையே வந்திருக்கவில்லை.

இந்த நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கு அதற்கு முன்பே உண்டு. நோயால் இறந்தவர்களின் தந்தையரையும் சகோதரர்களையும் ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1960இலேயே அதைச் சுட்டியிருந்தது. வால்ஷும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைக் கணக்காக்கினார்கள். நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் உறவுமுறையைக் கேட்டுக் குடும்ப மரங்களை வரைந்தார்கள். 1990இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. தந்தை, சகோதரன் போன்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஓர் ஆணுக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. இருவருக்கு இருந்தால் ஐந்து மடங்கு. மூவருக்கு இருந்தால் பதினொரு மடங்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஒரே குடும்பத்தார் ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே காற்று, ஒரே தண்ணீர், பெரும்பாலும் ஒரே பழக்கங்கள். அப்படியிருக்க, குடும்பத்தில் ஓடுவது இரத்தத்தில்தான் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது?

இதைப் பிரித்துக் காட்ட இயற்கையே ஒரு சோதனையை வைத்திருக்கிறது: இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் எல்லாம் ஒன்று. தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையர், மற்ற அண்ணன் தம்பிகளைப் போலத்தான்; பாதி ஒற்றுமை. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். ஆகவே ஒருவருக்கு நோய் வந்தபின் மற்றவருக்கும் வருவது முதல் வகையில் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் மரபின் வேலை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இரட்டையர் பதிவேடுகளும் புற்றுநோய்ப் பதிவேடுகளும் பல பத்தாண்டுகளாகப் பிசகாமல் காக்கப்படுகின்றன. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளின் இரண்டு லட்சம் இரட்டையர்களைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் 57 விழுக்காடு மரபால் வருவது என்று மதிப்பிட்டது.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒருவருக்கு வந்த நோயில் 57 பங்கு மரபு, மீதி வாழ்க்கை என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒரு மக்கள்கூட்டத்தில் சிலருக்கு ஏன் வாய்ப்பு அதிகம், சிலருக்கு ஏன் குறைவு என்ற வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. அதே இரட்டையர் ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. மரபணுக்கள் எல்லாம் ஒன்றாக இருந்தும், ஒருவருக்கு நோய் வந்த இரட்டையர்களில் பாதிக்கு மேற்பட்டோரில் மற்றவர் தப்பித்துக்கொண்டார். ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறியவர்களிடம், ஜப்பானிலேயே இருந்தவர்களைவிட இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. மரபணு கப்பல் ஏறியதால் மாறிவிடவில்லை. வாழ்க்கையும் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் மருத்துவமும் மாறின. விதை முக்கியம், விழுந்த மண்ணும் முக்கியம்.

மரமும் மறமும்

விதையில் என்ன இருக்கிறது? நம் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட டிஎன்ஏ என்ற நூல் இருக்கிறது. தாயிடமிருந்து 300 கோடி எழுத்துகள், தந்தையிடமிருந்து 300 கோடி எழுத்துகள். எந்த இருவரை எடுத்தாலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும்.

எழுத்து மாறினாலே பொருள் மாறிவிடும் என்பதில்லை. நிலம் என்று எழுதினாலும் நிலன் என்று எழுதினாலும் பொருள் ஒன்றுதான். தமிழ் இலக்கணம் இதைப் போலி என்கிறது. டிஎன்ஏவில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட போலிகளே. ஆனால் மரம் என்பதில் இடையெழுத்து மாறி மறம் ஆனால் நிழல் தரும் ஒன்று வீரமாகிவிடும். சில எழுத்து வேறுபாடுகள் அப்படிப்பட்டவை.

புராஸ்டேட் புற்றுநோயின் மரபைத் தேடும் பயணம் முதலில் அத்தகைய ஒற்றை எழுத்தைக் குறிவைத்தே தொடங்கியது. குரோமோசோம்கள் அந்த நூலின் அத்தியாயங்கள் என்றால், 1996இல் முதலாம் குரோமோசோமில் ஓரிடம் பிடிபட்டதாக அறிவித்தார்கள். பிற குடும்பங்களில் சோதித்தபோது அது உறுதியாகத் துலங்கவில்லை. வேறு இடங்கள் வந்தன, போயின. பதினாறு ஆண்டு காத்திருந்த பிறகு, 2012 ஜனவரியில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விடை கிடைத்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், நோய் தொடர்ந்து வந்த 94 குடும்பங்களிலிருந்து தலா ஒரு நோயாளியின் டிஎன்ஏவை எடுத்தார்கள். பதினேழாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் உள்ள 200க்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். நான்கு குடும்பங்களில், ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அந்த நான்கு குடும்பங்களிலும் டிஎன்ஏ கிடைத்த 18 நோயாளிகளையும் பார்த்தார்கள். பதினெட்டுப் பேரிடமும் அந்த எழுத்து மாற்றம் இருந்தது.

அந்த மரபணுவின் பெயர் ஹாக்ஸ்பி13. ஹாக்ஸ் மரபணுக்கள் உயிரியலின் வியப்புகளில் ஒன்று. கரு உருவாகும்போது எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று முடிவு செய்பவை அவைதாம். குரோமோசோமில் அவை வரிசையாக நிற்கின்றன. வரிசையின் ஒரு முனையில் இருப்பது உடலின் முன்பகுதிக்கு, மறுமுனையில் இருப்பது பின்பகுதிக்கு. பதின்மூன்று என்பது கடைசி எண். ஆகவே ஹாக்ஸ்பி13 உடலின் கீழ்க்கோடியைப் பார்த்துக்கொள்ளும் மரபணு. கருவில் வேலை முடிந்ததும் அது ஓய்ந்துவிடுவதில்லை. புராஸ்டேட்டில் ஆயுள் முழுவதும் விழித்திருக்கிறது. ஆண் ஹார்மோனின் கட்டளையை ஏற்கும் புரதத்தோடு கைகோத்து வேலை செய்கிறது. தாயின் வயிற்றில் உடலுக்கு அளவு போட்ட கொத்தனார், அறுபது வயதிலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த மாற்றம் அரியது. அந்த ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் 1.4 விழுக்காட்டினரிடமும், நோயில்லாதவர்களில் 0.1 விழுக்காட்டினரிடமும் மட்டுமே அது இருந்தது. ஆனால் ஸ்வீடன், பின்லாந்து போன்ற வடநாடுகளில் சுமார் நூற்றில் ஒருவர் அதைச் சுமக்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் குளிர்நாட்டில் வாழ்ந்த யாரோ ஒருவரிடம் நேர்ந்த ஒரு நகல் பிழை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வழியே பரவியிருக்கிறது. சீன ஆண்களிடம் தேடியபோது அதே மரபணுவில் வேறோர் இடத்தில் எழுத்து மாறியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இன்னோர் இடத்தில். ஒவ்வொரு மக்களுக்கும் தனித்தனி மூதாதை, தனித்தனிப் பிழை.

பெண்கள் சுமந்து வருவது

ஹாக்ஸ்பி13 பதினேழாம் குரோமோசோமில் இருப்பதைக் கவனியுங்கள். ஆணுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோமில் அது இல்லை. ஆகவே ஒரு பெண்ணும் அதைச் சுமக்கலாம். அவளுக்குப் புராஸ்டேட் இல்லாததால் அவள் வாழ்நாளில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. அவள் மகனிடம் வந்து பேசும். ஒருவரின் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் தாய்மாமனும் இந்தக் கதையில் அப்பாவுக்குச் சமமான சாட்சிகள்.

பெண்களுக்கும் இந்த நோய்க்கும் இதைவிட நேரடியான உறவு ஒன்றும் உண்டு. 1994இல் பதின்மூன்றாம் குரோமோசோமில் இருப்பிடம் காணப்பட்டு, அடுத்த ஆண்டே அடையாளம் காணப்பட்ட பிஆர்சிஏ2 என்ற மரபணு, மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வரும் குடும்பங்களில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயரே ஆங்கிலத்தில் மார்பகப் புற்றுநோய் என்பதன் சுருக்கம். ஆனால் அந்தக் குடும்பங்களின் ஆண்களைப் பார்த்தபோது, அவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் வந்திருந்தது. வந்தால் வேகமாகப் பரவும் வகையாகவும் இருந்தது.

பிஆர்சிஏ2 செய்யும் வேலை பழுதுபார்ப்பது. டிஎன்ஏ இரட்டைச் சரமாக முறுக்கிய நூல். கதிர்வீச்சாலோ வேதிப்பொருளாலோ, உயிரணுவின் அன்றாட ஓட்டத்தாலோ சில வேளை இரண்டு சரமும் ஒரே இடத்தில் அறுந்துவிடும். அப்போது அறுந்த முனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டால் நடுவே சில எழுத்துகள் காணாமல் போகும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பக்கத்து இழையின் ஓட்டத்தைப் பார்த்துப் பிணைப்பதுபோல, உயிரணு தன்னிடமுள்ள இன்னொரு நகலைப் பார்த்து எழுத்து பிசகாமல் இணைக்கிறது. அந்தப் பிணைப்புக்கு வேண்டிய புரதத்தை அறுந்த இடத்துக்குக் கைபிடித்து அழைத்துவருவது பிஆர்சிஏ2. அதில் பழுது இருந்தால் பிழைகள் குவியும். குவியும் பிழைகளில் ஏதோ ஒன்று உயிரணுவைக் கட்டுமீறச் செய்யும்.

ஐஸ்லாந்து மக்களிடம் பிஆர்சிஏ2 மரபணுவில் ஐந்து எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் பரவியிருக்கிறது. ஒரே மூதாதையின் சொத்து அது. அந்தச் சிறிய தீவில் பெண்களின் மார்பகப் புற்றுநோயையும் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயையும் அந்த ஒரே பழுது இணைக்கிறது.

2016இல் இன்னொரு முக்கியமான ஆய்வு வந்தது. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களின் பிறவி டிஎன்ஏவைப் படித்தார்கள். அவர்களில் 11.8 விழுக்காட்டினரிடம் பழுதுபார்க்கும் மரபணுக்களில் ஏதோ ஒன்றில் பரம்பரைக் குறை இருந்தது. ஏறத்தாழ எட்டில் ஒருவர். நோய் சுரப்பிக்குள்ளேயே நின்றவர்களிடம் இது 4.6 விழுக்காடு மட்டுமே. அதாவது மரபு, நோய் வருமா என்பதில் மட்டும் கைவைப்பதில்லை. வந்தால் எவ்வளவு மூர்க்கமாக இருக்கும் என்பதிலும் கைவைக்கிறது.

அதே குறை மருந்துக்கும் வழி திறந்தது. டிஎன்ஏ அறுபடும்போது உயிரணுவுக்குப் பழுதுபார்க்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. பிஆர்சிஏ2 கெட்ட புற்றணுவுக்கு ஒரு வழி அடைபட்டிருக்கிறது. ஒலாபரிப் போன்ற மருந்துகள் இன்னொரு வழியையும் அடைக்கின்றன. நல்ல உயிரணு தன் முதல் வழியில் தப்பிக்கிறது. இரு வழியும் அடைபட்ட புற்றணு மடிகிறது. பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் இத்தகைய மரபணுக் குறை உள்ளவர்களுக்கு 2020இல் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. தாத்தா கொடுத்துச் சென்ற பிழை எது என்று தெரிவதே இங்கே எந்த மருந்தைத் தருவது என்பதை முடிவு செய்கிறது.

பிறவியில் வந்ததையும் வாழ்நாளில் சேர்ந்ததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அருள் சின்னையன் தலைமையிலான மிச்சிகன் குழு 2005இல் கண்டறிந்த ஒரு மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருபத்தொன்றாம் குரோமோசோமில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆண் ஹார்மோன் வந்தால் விழிக்கும் ஒன்றின் முனை, உயிரணுவைப் பெருகத் தூண்டும் இன்னொன்றின் தலையில் ஏறிக்கொள்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் புராஸ்டேட் புற்றுகளில் பாதியளவுக்கு இது காணப்படுகிறது. ஆனால் இது அந்தக் கட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரை மாற்றமோ உடலின் எல்லா உயிரணுவிலும், எச்சிலில்கூட இருக்கும்.

தரிசு நிலத்தில் ஒரு மடை

ஹாக்ஸ்பி13, பிஆர்சிஏ2 போன்றவை அரியவை. குடும்பங்களில் ஓடும் நோயின் பெரும்பகுதியை அவற்றால் விளக்க முடியவில்லை. மிச்சம் எங்கே?

2006இல் இரண்டு பாதைகள் ஓரிடத்தில் சந்தித்தன. ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனம், தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்சாவளிப் பட்டியல்களையும் டிஎன்ஏவையும் வைத்துத் தேடியது. அமெரிக்காவில் வேறொரு குழு, ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ துண்டுகளையும் ஐரோப்பாவிலிருந்து வந்த துண்டுகளையும் பிரித்துப் பார்த்துத் தேடியது. இரு குழுக்களும் சுட்டியது எட்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில், 24 என்று எண்ணிடப்பட்ட அதே பகுதியை.

அங்கே போய்ப் பார்த்தால் புரதம் செய்யும் மரபணுவே இல்லை. லட்சக்கணக்கான எழுத்துகளுக்குத் தரிசு. ஆய்வாளர்களும் அதை மரபணுப் பாலைவனம் என்றுதான் அழைத்தார்கள். வெறும் பொட்டலில் ஓர் எழுத்து மாறினால் ஏன் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது?

ஏரிப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு விடை எளிதாகப் புரியும். வயல் ஓரிடத்தில் இருக்கும். அதற்குத் தண்ணீர் விடும் மடை வெகு தொலைவில், ஏரிக்கரையில் இருக்கும். மடையில் பயிர் விளையாது. ஆனால் மடை அதிகம் திறந்தால் வயல் மூழ்கும். அந்தத் தரிசு நிலத்தில் இருந்தவை மடைகள். அவை நீர் பாய்ச்சும் வயல், மூன்று லட்சம் எழுத்துகளுக்கும் மேல் தள்ளியிருக்கும் மிக் என்ற மரபணு. உயிரணுவைப் பெருகச் சொல்லும் மரபணுக்களில் வலிமையானது. நீண்ட டிஎன்ஏ நூல் உயிரணுவின் உட்கருவுக்குள் சுருண்டு மடங்கி, தொலைவில் உள்ள மடையை மரபணுவின் அருகில் கொண்டுவந்து தொட வைக்கிறது. எழுத்து மாறிய மடை சற்றே அதிகம் திறக்கிறது. சற்றேதான். ஆனால் அறுபது ஆண்டுகளாக.

அந்தப் பகுதியில் உள்ள ஓர் எழுத்து புராஸ்டேட்டில் மட்டுமல்ல, பெருங்குடலிலும் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. எலிகளில் அதற்கு இணையான மடைப்பகுதியை 2012இல் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நலமாக வாழ்ந்தன. குடல் கட்டிகள் மட்டும் அவற்றுக்கு எளிதில் வரவில்லை. மனிதர்களில் அந்த ஆபத்தான எழுத்து உலகில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. எனக்கும் இருக்கலாம், உங்களுக்கும் இருக்கலாம்.

பிறகு மடைகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. பத்தாம் குரோமோசோமில் ஒன்று, புராஸ்டேட் விந்துவில் சேர்க்கும் ஒரு புரதத்தின் அளவைக் குறைக்கிறது. பத்தொன்பதாம் குரோமோசோமில் ஒன்று, பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனையில் நாம் அளக்கும் அதே புரதத்தின் மரபணுவுக்கு அருகில். ஆய்வுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. 1,56,319 நோயாளிகளையும், நோயில்லாத ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வில் இடங்களின் எண்ணிக்கை 451 ஆனது. பெரும்பாலானவை தனியாக நின்றால் வாய்ப்பைச் சில விழுக்காடே கூட்டுபவை. கூடினால்தான் பலம்.

இந்த 451 இடங்களில் எங்குமே ஆபத்தான எழுத்து இல்லாத மனிதர் என்று யாரும் இருக்க முடியாது. 'அந்தக் குடும்பத்தில் நோய் ஓடுகிறது' என்று கல்யாணப் பேச்சில் கிசுகிசுப்பவர்களின் இரத்தத்திலும் அந்த எழுத்துகள் ஓடுகின்றன. வேறுபாடு எண்ணிக்கையில்தான்.

எச்சிலில் ஒரு கணக்கு

அந்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் பயன் உண்டா? பிரிட்டனில் ரோஸ் ஈல்ஸ் தலைமையில் ஒரு குழு இதைச் சோதித்தது; முடிவு 2025இல் வெளியானது. 55 முதல் 69 வயதுவரையான ஆண்களிடம் எச்சில் மாதிரி வாங்கி, 130 இடங்களில் உள்ள எழுத்துகளைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். 6,393 பேருக்கு மதிப்பெண் கிடைத்தது. அதில் உச்சத்தில் இருந்த ஏறத்தாழ பத்து விழுக்காட்டினரை எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். 468 பேர் முன்வந்தார்கள். 187 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவில் இருந்தது. அவர்களிலும் பெரும்பான்மையோர் வழக்கமான பரிசோதனைப் பாதையில் கண்டுபிடிக்கப்படாமல் போயிருப்பார்கள்.

இதே எண்களை மறுபுறம் திருப்பியும் படிக்க வேண்டும். மதிப்பெண் உச்சத்தில் இருந்தும் பரிசோதனை செய்துகொண்டவர்களில் ஐந்தில் மூவருக்குப் புற்றுநோய் இல்லை. கண்டறியப்பட்டவற்றிலும் கணிசமானவை அவசரமில்லாத வகை, கண்காணித்தாலே போதுமானவை. எழுத்துகள் ஒருவரைத் தண்டிப்பதில்லை. யாரை முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு குறையும் இருக்கிறது. நம்மைத் தொடும் குறை. 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஐரோப்பிய, ஆப்பிரிக்க, கிழக்காசிய, ஹிஸ்பானிய வம்சாவளியினரைச் சேர்த்துக்கொண்டது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களின் சராசரி மரபு மதிப்பெண் ஐரோப்பியரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பைக் காட்டியது. கிழக்காசியருடையது குறைவாகக் காட்டியது. அந்த நான்கு பெட்டிகளில் தெற்காசியருக்குத் தனிப் பெட்டி இல்லை. ஐரோப்பியருக்காகத் தைத்த சட்டை நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நம்முடைய மரபு வேறு விதமாகவும் சிறப்பானது. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தார்கள். சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நூற்றாண்டுகளின் விளைவாக, 81 சமூகங்களில் பழைய மூதாதையர் சிலரின் முத்திரை பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. வடநாட்டு மூதாதை ஒருவரின் பிழை அங்கே நூற்றில் ஒருவரிடம் பரவியதைப் பார்த்தோம். நம் மூதாதையர் விட்டுச்சென்றவை எவை என்பதை நம்மிடையே தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தத் தேடலுக்கு இங்கே ஆய்வுகள் வேண்டும். ஆய்வுகளுக்குத் தங்கள் குடும்பக் கதையைச் சொல்ல முன்வரும் மனிதர்கள் வேண்டும்.

பீரோவில் ஒரு தாள்

மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் இன்றே தேவையில்லை. எல்லோருக்கும் கட்டுப்படியாவதும் இல்லை. ஆனால் வால்ஷ் தொடங்கியது எந்தக் கருவியோடும் அல்ல; ஒரு நோயாளி சொன்ன குடும்பக் கதையோடு. அது எந்த வீட்டிலும் செலவில்லாமல் கிடைப்பது.

அதில் என்ன தெரிந்தால் உதவும்? யாருக்கு நோய் வந்தது என்பதோடு, எந்த வயதில் வந்தது என்பதும். எண்பது வயதில் அப்பாவுக்கு வந்ததைவிட ஐம்பத்தைந்தில் அண்ணனுக்கு வந்தது மரபை நோக்கி உரக்கக் கைகாட்டுகிறது. ஆண்களின் நோயோடு அத்தைக்கோ சித்திக்கோ பாட்டிக்கோ வந்த மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவையும் ஒரே கதையின் அத்தியாயங்களாக இருக்கலாம். ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல், பிஎஸ்ஏ பரிசோதனை பற்றிய பேச்சை மற்றவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வைக்கும்போது, குடும்பத்தில் நோய் இருந்தவர்களுக்கு 45 வயதிலிருந்தும், பிஆர்சிஏ2 குறை உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்தும் வைக்கிறது. குடும்பக் கதை தெரியாதவருக்கு இந்த வேறுபாட்டால் பயனில்லை. ஐந்தோ பத்தோ ஆண்டுகள் அவர் கையிலிருந்து நழுவுகின்றன.

நம் வீடுகளில் பீரோவுக்குள் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு ஒன்று பத்திரமாக இருக்கும். பிறந்த நாழிகை பிசகக் கூடாது என்று தலைமுறைகளாகக் காத்துவைத்திருப்போம். அதன் பக்கத்தில் இன்னொரு தாளையும் வைக்கலாம். அதில் நான்கு பத்திகள் போதும்: பெயர், என்ன உறவு, எந்த உறுப்பில் நோய், அப்போது வயது என்ன. அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி மறுபக்கம். பல இடங்கள் காலியாகத்தான் இருக்கும். அவற்றை நிரப்பத் தெரிந்தவர் பெரும்பாலும் ஊரில் இருக்கும் மூத்த அத்தையாக இருப்பார். யார் எப்போது எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்து, தாத்தாவுக்கு அந்த இடுப்பு வலி எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள்.